வால்பாறைப் பயணத்துக்கு எந்தப் பூச்சிவிரட்டி? கொசு, உண்ணி, அட்டை மூன்றுக்கும் ஒரே புட்டி போதுமா?

பின்னலாடைக்காரன் (திருப்பூர்) – ஜூலை 14, இரவு 9:40

அனைவருக்கும் வணக்கம். ஆடிப்பெருக்கு கழிந்த வாரத்தில் எங்கள் குடும்பத்தார் பதினொரு பேர் இரண்டு இரவு தங்கலாக வால்பாறைக்குச் செல்லவிருக்கிறோம். வழியில் ஆழியாற்றில் அரை நாள் இருந்துவிட்டு, மேலே தேயிலைத் தோட்டத்துக்குள் இருக்கும் பழைய பங்களா ஒன்றில் தங்குவதாகத் திட்டம். அறுபத்திரண்டு வயதான என் அம்மாவும், ஆறு மாதக் கர்ப்பிணியான தங்கையும், பதினான்கு மாதமே ஆன என் மகனும் உடன் வருவதால்தான் இந்தக் கேள்வியை இவ்வளவு விரிவாகக் கேட்கிறேன்.

சென்ற ஆண்டு இதே பருவத்தில் போனபோது, புறப்படும் அவசரத்தில் ஒரு கடையில் 'முழுக்க முழுக்க மூலிகை' என்று எழுதியிருந்த தெளிப்பானை வாங்கிப் போனோம். எலுமிச்சைப் புல் வாசம் கமகமவென்று இருந்தது. அரை மணி நேரத்தில் வாசமும் போய்விட்டது, பயனும் போய்விட்டது. எங்கள் அத்தையின் கெண்டைக்காலில் மட்டும் ஏழு அட்டைகளை எடுத்தோம். என் வெள்ளைக் காலுறையைக் கழற்றியபோது அது சாயப்பட்டறையில் முக்கி எடுத்த துணியைப் போல இருந்தது.

இம்முறை விசாரித்துப் பார்த்ததில் களிம்பு, உருட்டிப் பூசுவது, கைப்பம்புத் தெளிப்பான், வாயு அடைத்த தெளிப்பான், சட்டையில் ஒட்டும் வில்லை எனக் கடையில் ஐந்து வகை இருக்கின்றன. விலையைப் பார்த்து வாங்குவதா, வாசத்தைப் பார்த்து வாங்குவதா என்று புரியவில்லை. அனுபவப்பட்டவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மலைநடையன் (கோவை) – ஜூலை 14, இரவு 11:05

தம்பி, விலையையும் வாசத்தையும் விட்டுவிட்டுப் புட்டியின் பின்பக்கத்தைத் திருப்புங்கள். அங்கே பொடி எழுத்தில் 'செயல்படு பொருள்' என்று ஒரு பெயரும், அதனருகே ஒரு விழுக்காடும் இருக்க வேண்டும். பெயர் மட்டும் இருந்து விழுக்காடு இல்லையென்றால் அந்தப் புட்டியைக் கடையிலேயே வைத்துவிட்டு வரலாம். நான் இருபது ஆண்டுகளாகப் பறவை பார்க்க டாப்ஸ்லிப், சிறுவாணி அடிவாரம், பர்கூர் எனச் சுற்றி வருகிறேன். இந்த ஒரு பழக்கம்தான் எனக்குக் கைகொடுத்திருக்கிறது.

உலக அளவில் நன்கு சோதித்துப் பார்க்கப்பட்ட பெயர்கள் விரல் விட்டு எண்ணக் கூடியவையே. மூத்தது டீட். அமெரிக்க இராணுவத்துக்காக 1946-இல் உருவாக்கப்பட்டு, 1957 முதல் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. அடுத்தது பிக்காரிடின், இக்காரிடின் என்றும் எழுதியிருப்பார்கள். ஜெர்மனியின் பேயர் நிறுவனம் 1980-களில் உருவாக்கியது. பிறகு ஐஆர்3535 என்பதும், எலுமிச்சை யூகலிப்டஸ் மரத்திலிருந்து பெறப்படும் பிஎம்டி என்பதும் உண்டு. நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைக்கும் ஓடோமாஸ் களிம்பில் இருப்பது டீட்டுக்கு நெருங்கிய உறவான டைஎத்தில் பென்சமைடு, 12 விழுக்காடு. குவாலியரில் உள்ள நம் பாதுகாப்புத் துறை ஆய்வகம் இராணுவத்தாருக்காக உருவாக்கிய டெப்பா என்பதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

விழுக்காட்டைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. அதிக விழுக்காடு இருந்தால் பூச்சி அதிகத் தூரம் ஓடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் விழுக்காடு காட்டுவது காவல் நேரத்தை. டீட் 10 விழுக்காடாக இருந்தால் சுமார் இரண்டு மணி நேரம் தாக்குப் பிடிக்கும், 25 விழுக்காட்டை ஒட்டி இருந்தால் ஏறத்தாழ ஐந்து மணி நேரம். 50-க்கு மேல் போனால் நேரம் கூடுவதில்லை, பிசுபிசுப்புத்தான் கூடும். பிக்காரிடின் 20 விழுக்காடு வாங்கினால் அரை நாள் நடைக்குத் தாராளம். வியர்வையிலும் தூறலிலும் எல்லாமே இதைவிடக் குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

டீட் வாங்குவதாக இருந்தால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: அது பிளாஸ்டிக்கைக் கரைக்கும். பத்து ஆண்டுகளுக்கு முன் டாப்ஸ்லிப்பில் அதைக் கையில் பூசிய கையோடு பைனாகுலரை எடுத்துவிட்டேன். மறுநாள் காலையில் அதன் கறுப்புப் பிடியில் என் கட்டைவிரல் ரேகை, பத்திரப்பதிவு அலுவலகத்தில் மை தொட்டு வைத்தது போல, வரி வரியாகப் பதிந்திருந்தது. இன்றும் அழியவில்லை. கைக்கடிகாரக் கண்ணாடி, மூக்குக் கண்ணாடிச் சட்டம் ஆகியவற்றுக்கும் இதே கதிதான். நீங்கள் துணித் தொழிலில் இருப்பவர் என்பதால் சொல்கிறேன்: பருத்தி, கம்பளி, நைலான் மூன்றையும் அது ஒன்றும் செய்யாது, ரேயானையும் ஸ்பாண்டெக்ஸையும் கெடுத்துவிடும். லைக்ரா கலந்த லெக்கின்ஸ் மேல் அடித்துவிடாதீர்கள். பிக்காரிடினில் இந்தத் தொல்லையும் இல்லை, வாசமும் அனேகமாக இல்லை.

தோப்புக்காரர் (ஆனைமலை) – ஜூலை 15, காலை 6:20

மேலே எழுதியவர் சொல்வது படித்தவர் பேச்சு, மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பெயர்கள் எதுவும் தெரியாமலேயே எங்கள் அப்புச்சி எழுபது வயது வரை மலையடிவாரத் தோட்டத்துச் சாளையில் படுத்து எழுந்தார். மாலையானால் கட்டுத்தரையில் நொச்சித் தழையும் வேப்பந் தழையும் போட்டு மூட்டம் போடுவார். காலில் வேப்பெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கலந்து தேய்த்துக்கொள்வார். அட்டை ஏறும் பருவத்தில் புகையிலையை ஊற வைத்த தண்ணீரில் காலுறையை நனைத்துக் காய வைத்துப் போட்டுக்கொண்டு மேலே போவார். இவை எல்லாம் செலவில்லாத வழிகள்.

இன்னொன்று. எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெயை வெளிநாட்டாரே ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்கிறபோது, நமக்கு ஊட்டியிலிருந்து வரும் நீலகிரித் தைலம் வீட்டிலேயே இருக்கிறதே, அதையே தேங்காய் எண்ணெயில் கலந்து பூசினால் போதாதா? எதற்காக நூற்றுக்கணக்கில் செலவழிக்க வேண்டும்?

ஈரோட்டு மருந்தாளுநர் – ஜூலை 15, பிற்பகல் 2:15

தோப்புக்கார அண்ணாவின் கேள்வி மிக முக்கியமானது. மருந்துக்கடையில் வாரம் ஒருவராவது இதைக் கேட்கிறார்கள். இரண்டு எண்ணெய்களும் யூகலிப்டஸ் என்ற பெயரைப் பகிர்ந்துகொள்கின்றனவே தவிர, உள்ளே இருக்கும் சரக்கு வேறு. நீலகிரித் தைலம் நீல யூகலிப்டஸ் மரத்து இலையிலிருந்து காய்ச்சப்படுவது. அதில் பெரும்பங்கு சினியோல். சளிக்கும் மூட்டு வலிக்கும் தேய்க்கும்போது சில்லென்று ஏறுவது அதுதான். விரட்டியாகப் பயன்படும் பிஎம்டி, எலுமிச்சை வாசமுள்ள வேறொரு மரத்தின் எண்ணெயைப் பக்குவப்படுத்திச் செறிவாக்கியபின் கிடைப்பது. அந்த மரத்தின் வெறும் எண்ணெயில்கூட பிஎம்டி மிகக் குறைவு. ஆகவே தைலம் பூசினால் சிறிது நேரம் வாசத்துக்குக் கொசு தயங்கும், அவ்வளவே. எலுமிச்சைப் புல் எண்ணெயும் அப்படித்தான். விரைவாக ஆவியாகும் எதுவும் விரைவாகவே கைவிட்டுவிடும். பின்னலாடைத் தம்பிக்குச் சென்ற ஆண்டு நேர்ந்ததன் காரணம் அதுதான்.

அதைவிடக் கவலை தருவது குழந்தை. நீலகிரித் தைலம் சில மில்லிலிட்டர் வாய்க்குள் போனாலே சிறு குழந்தைக்கு வலிப்பு வரலாம். விரல் சூப்பும் வயதில் அதைக் கையில் பூசவே கூடாது. பக்குவப்படுத்திய பிஎம்டியும் மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு வேண்டாம் என்பதே விதி. டீட் விஷயத்தில், இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு 30 விழுக்காட்டைத் தாண்டாமல் பூசலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்கிறது. பதினான்கு மாதக் குழந்தைக்கு நான் சொல்வது இதுதான்: முழுக்கைச் சட்டை, பாதம் மூடிய கால்சட்டை, தூங்கும்போது வலை. வெளியே தெரியும் இடத்துக்கு மட்டும், பெரியவர் தம் உள்ளங்கையில் எடுத்து மெல்லியதாகப் பூச வேண்டும். குழந்தையின் கையிலும், கண், வாய் ஓரங்களிலும் பூசக் கூடாது. முகத்துக்கு நேராகத் தெளிப்பானை அழுத்தவும் கூடாது. வாங்கும் புட்டியில் எந்த வயது முதல் என்று எழுதியிருப்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கையைப் பற்றி அஞ்ச வேண்டாம். தாய்லாந்து–பர்மா எல்லையில் மூன்று மாதம் கடந்த கர்ப்பிணிகள் 897 பேரை வைத்து நடந்த ஆய்வு 2001-இல் வெளிவந்தது. நாள்தோறும் 20 விழுக்காடு டீட் பூசிய தாய்மாருக்கோ குழந்தைகளுக்கோ கெடுதல் எதுவும் அதில் காணப்படவில்லை. கர்ப்ப காலத்தில் டெங்குவோ மலேரியாவோ வருவதுதான் பெரிய ஆபத்து. இருந்தாலும் பார்த்துவரும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

புகையிலைத் தண்ணீர் பற்றியும் சொல்லியாக வேண்டும். பவானிப் பக்கம் புகையிலைத் தோட்டத்தில் ஈர இலை ஒடிப்பவர்களுக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வருவதை அண்ணாவும் பார்த்திருப்பார். இலையிலுள்ள நிக்கோட்டின் ஈரத்தோடு தோல் வழியாக உள்ளே போவதால் வருவது அது. காய வைத்தாலும் மழையில் மறுபடி நனையும் காலுறை அதே வேலையைத்தான் செய்யும். கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் அதை நினைத்தும் பார்க்க வேண்டாம்.

கோபி உரக்கடை – ஜூலை 15, இரவு 8:50

நான் விற்பது பயிருக்கான மருந்து என்பதால் ஓர் எச்சரிக்கையை மட்டும் எழுதுகிறேன். அறைக்குள் அடிக்கும் கொசு மருந்துக் குப்பியையும், உடம்பில் அடிக்கும் விரட்டியையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். இரண்டும் 'ஸ்ப்ரே' என்ற ஒரே பெயரில் ஒரே அடுக்கில் நிற்பதுதான் காரணம். முன்னது பூச்சியைக் கொல்வதற்கு, பின்னது நம்மை அதன் மூக்கிலிருந்து மறைப்பதற்கு. பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968-இன் கீழ் பதிவான கொல்லி மருந்துகளின் மேல், விவசாயிகள் நன்கறிந்த அந்தச் சாய்சதுரக் குறி இருக்கும். அதன் கீழ்ப்பாதியில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என நச்சு குறையும் வரிசையில் ஒரு நிறம் இருக்கும். பச்சை என்றால் உடம்பில் பூசலாம் என்று பொருள் இல்லை. 'தோலில் பூசுவதற்கு' என்று எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் பூசாதீர்கள்.

மலைக்குப் போகும் வாடிக்கையாளர் ஒருவர் பருத்திக்கு அடிக்கும் மருந்தைத் தண்ணீரில் கலந்து கால்சட்டையில் தெளித்துக்கொண்டு போய், தொடையெல்லாம் எரிந்து கொப்பளித்துத் திரும்பி வந்தார். பயிர் மருந்தில் கலந்திருக்கும் கரைப்பான் மனிதத் தோலுக்கானது அன்று.

பின்னலாடைக்காரன் – ஜூலை 15, இரவு 10:30

ஒவ்வொருவருக்கும் தனித்தனியே நன்றி. ஈரோட்டு அக்கா எழுதியதை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அம்மா உடனே நீலகிரித் தைலத்தை எடுத்து மேல் அலமாரியில் வைத்துவிட்டார். உரக்கடை அண்ணா சொன்னதிலிருந்து ஒரு கேள்வி: துணிக்கென்றே பெர்மெத்ரின் என்று ஒரு மருந்து இருப்பதாகவும், வெளிநாட்டில் அதை ஏற்றிய சட்டைகளே விற்பதாகவும் எங்கள் மெர்ச்சண்டைசர் சொல்கிறார். அது நமக்குப் பயன்படுமா?

ஸ்டென்டர் ராஜ்ஜியம் (பெருந்துறை) – ஜூலை 16, காலை 10:10

ஃபினிஷிங் யூனிட்டில் இருக்கிறேன். இந்த வேலையைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். துணியைப் பெர்மெத்ரினும், அதை நூலில் ஒட்ட வைக்கும் பைண்டரும் கலந்த தொட்டியில் முக்கி, மேங்கிள் உருளைகளில் பிழிந்து, ஸ்டென்டர் என்னும் உலர்த்தும் எந்திரத்தில் சூடேற்றி நூலோடு பிடிக்க வைப்பார்கள். அப்படி ஏற்றிய துணி பல பத்துச் சலவை வரை தாங்கும். வீட்டில் அடித்துக்கொள்ளும் வகை 0.5 விழுக்காடு; அதைத் துணியில் அடித்து முழுக்க உலர வைத்தால் நாலைந்து சலவை வரை நிற்கும். துணிக்கென்று விற்பதை மட்டுமே வாங்க வேண்டும், பயிருக்கு விற்பதை வாங்கக் கூடாது, தோலில் படவிடவும் கூடாது. ஈரமாக இருக்கும்போது பூனை பக்கத்தில் வரக் கூடாது, மீதியை ஓடையில் ஊற்றக் கூடாது. பூனைக்கும் மீனுக்கும் அது கடும் நஞ்சு.

ஆனால் உங்கள் தொழிலுக்குள்ளேயே இதைவிடப் பெரிய செய்தி ஒன்று இருக்கிறது; நீங்களே யோசித்திருப்பீர்கள் என்று நினைத்தேன். திருப்பூர்க்காரர் மலைக்குப் போனால் பனியன் துணிதான் போட்டுக்கொண்டு போவார். பனியன் துணி கண்ணி கண்ணியாகப் பின்னியது. உடம்போடு ஒட்டி இழுபடும்போது கண்ணி விரியும், கொசு அதன் மேல் உட்கார்ந்தபடியே ஊசியை இறக்கிவிடும். டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு முதுகில் கடி வாங்காதவர் யார்? பாவும் ஊடையும் நெருங்கி நெய்த பாப்ளின் சட்டை, அதுவும் ஒரு சுற்றுத் தளர்வாக, வெளிர் நிறத்தில் போட்டால், தெளிப்பான் செலவில் பாதி மிச்சம். காலுறைக்கும் இதே நியாயம்தான். பின்னிய காலுறை அட்டைக்கு வாசல் திறந்து வைத்தது மாதிரி; மெலிந்து நீண்டு கண்ணிக்குள் தலையை விட்டுவிடும். சோமனூர்க் காடாத் துணியில் முழங்கால் வரைக்கும் ஓர் உறை தைத்து, சாதாரணக் காலுறைக்கு மேலே போட்டு, ஷூவுக்குள் விட்டு, மேலே நாடா போட்டுக் கட்டிப் பாருங்கள். ஆராய்ச்சியாளர்கள் காட்டுக்குள் போட்டுக்கொண்டு போவது இதைத்தான்.

அவினாசி வாசகர் – ஜூலை 16, காலை 11:45

பெர்மெத்ரினைத் தோலில் படவிடக் கூடாது என்கிறீர்கள். சிரங்குக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த களிம்பில் பெர்மெத்ரின் 5 விழுக்காடு என்று இருந்ததே? அப்படியே கையில் கட்டும் கொசுப் பட்டை, கைப்பேசியில் ஒலி எழுப்பிக் கொசுவை விரட்டும் செயலி ஆகியவற்றைப் பற்றியும் சொல்லவும்.

ஈரோட்டு மருந்தாளுநர் – ஜூலை 16, பிற்பகல் 1:30

சிரங்குக் களிம்பு மருத்துவர் சொன்ன அளவில் ஓர் இரவு பூசிக் கழுவிவிடும் மருந்து. சிரங்குப் பேனைக் கொல்லத் தருவது. பெர்மெத்ரின் வாசத்தால் விரட்டுவதில்லை. பூச்சி தொட்டால்தான் வேலை செய்யும். நம் தோல் அதை விரைவாகச் சிதைத்துவிடுவதால் கொசுவுக்காகப் பூசிப் பயனும் இல்லை. நூலில் பிடித்திருக்கும்போதுதான் அது நிற்கிறது. கைப்பட்டை மணிக்கட்டைத் தாண்டிக் காப்பாற்றாது. ஒலிச் செயலியால் பயனே இல்லை.

மலைநடையன் – ஜூலை 16, இரவு 9:15

கொசுவையும் அட்டையையும் பேசிவிட்டு உண்ணியை விட்டுவிட்டோம். என் கணக்கில் இதுதான் அதிகக் கவனம் வேண்டுவது, ஏனென்றால் அட்டை கடித்தது தெரியும், இது கடித்தது தெரியாது.

மழைக்குப் பின் புதரும் புல்லும் அடர்ந்த இடத்தில், கண்ணுக்கு எட்டாத ஒரு வகைச் சிற்றுண்ணியின் குஞ்சு புல் நுனியில் காத்திருக்கும். அது கடித்தால் உண்ணிக் காய்ச்சல் என்று நம் ஊரில் சொல்லும் ஸ்கரப் டைஃபஸ் வரலாம். கடித்த ஆறாம் நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் கடும் காய்ச்சல், தலைவலி. அக்குள், இடுப்புப் பட்டை, தொடை இடுக்கு போன்ற மறைவிடத்தில், பீடி நெருப்புச் சுட்டது போன்ற வலியில்லாத கறுத்த பொருக்கு ஒன்று பலருக்கு இருக்கும். காய்ச்சலோடு மருத்துவரிடம் போனால் 'காட்டுக்குப் போய் வந்தேன்' என்ற ஒரு வாக்கியத்தை மறக்காமல் சொல்லிவிட வேண்டும். டாக்சிசைக்ளின் என்ற விலை மலிந்த மருந்திலேயே இது அடங்கிவிடும், தாமதித்தால்தான் வம்பு. கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் வேறு மருந்தா என்பதை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

பெரிய உண்ணியால் வரும் குரங்குக் காய்ச்சல் வேறு. 1957-இல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்துக் கியாசனூர்க் காட்டில் கண்டறியப்பட்டு, 2012-இல் பந்திப்பூர் வரை வந்தது. மார்கழி முதல் வைகாசி வரைதான் அதன் காலம் என்பதால் ஆடியில் போகும் உங்களுக்கு அந்தக் கவலை குறைவு. அங்கே காட்டுக்குள் போகும் கிராம மக்களுக்கு அரசே கொடுத்து வந்தது, நான் முன்பு சொன்ன டெப்பா எண்ணெயைத்தான்.

டீட்டும் பிக்காரிடினும் உண்ணிக்கும் வேலை செய்யும். ஆனால் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புப் பட்டையிலும் பூச மறந்துவிட்டுக் கையிலும் கழுத்திலும் மட்டும் பூசிக்கொள்கிறோம். உண்ணி ஏறுவது கீழிருந்து. புல்லில் துண்டு விரித்துப் படுக்க வேண்டாம். திரும்பியதும் துணியை வெந்நீரில் போட்டுவிட்டு, சோப்புத் தேய்த்துக் குளித்து, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டிய உண்ணியை மண்ணெண்ணெய் ஊற்றியோ தீக்குச்சி வைத்தோ எடுக்காமல், நுனி மெலிந்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும்.

தேனீக்கும் குளவிக்கும் இந்த விரட்டிகள் எதுவும் உதவா. மலைத்தேன் கூடு தெரிந்தால் சத்தமில்லாமல் திரும்பிவிடுவது ஒன்றே வழி.

தோப்புக்காரர் – ஜூலை 17, காலை 6:05

ஈரோட்டு அம்மிணி சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். தைலமும் புகையிலைத் தண்ணீரும் என் காலுக்கு மட்டும் இருக்கட்டும். நொச்சி மூட்டத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன், மாட்டுக்கு அதற்கு இணை இல்லை.

எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் தோப்பில் மட்டையைப் பிய்த்துப் போடும். ஆழியாற்றங்கரையில் நின்று வாயுத் தெளிப்பானை அழுத்தினால் பாதி உடுமலைக்குப் போய்விடும். களிம்போ, கையில் எடுத்துப் பூசும் பம்பு வகையோ வாங்குங்கள். வாயுக் குப்பியைப் பூட்டிய காருக்குள் வெயிலில் விடவும் கூடாது, அடுப்பு மூட்டும் இடத்தில் அழுத்தவும் கூடாது, எளிதில் தீப்பிடிக்கும். அந்தக் காற்று வீசும் வரை அங்கே கொசு உட்காராது. மேலே ஏறி, நாற்பது கொண்டை ஊசி வளைவும் முடிந்து, தேயிலைக்குள் காற்று ஓய்ந்த இடத்தில்தான் தொல்லை தொடங்கும்.

அட்டை ஒட்டிவிட்டால் உப்பும் நெருப்பும் வேண்டாம். அது குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடும். மெலிந்த முனைதான் வாய். அதனருகே நகத்தைத் தோலோடு வைத்துப் பக்கவாட்டில் தள்ளுங்கள், பிறகு பருத்த முனையையும் தள்ளுங்கள். இரத்தம் உறையாதபடி அது ஏதோ விட்டுவிடுவதால் கசிவு நெடுநேரம் இருக்கும். துணி வைத்து அழுத்திக் கட்டினால் நின்றுவிடும்.

பின்னலாடைக்காரன் – ஆகஸ்ட் 17, இரவு 10:20

போய்த் திரும்பிவிட்டோம். சொன்னவர்களுக்குக் கணக்கு ஒப்படைக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

பெரியவர்களுக்குப் பிக்காரிடின் 20 விழுக்காடு கைப்பம்பு வகையை இணையத்தில் வரவழைத்தோம். விலை களிம்பைப் போல நான்கு மடங்கு. அம்மாவும் அத்தையும் பழகிய களிம்பே போதும் என்றார்கள். மகனுக்கு முழு உடையும் வலையும். குழந்தை மருத்துவரைக் கேட்டுக் கணுக்காலில் மட்டும் களிம்பு. பங்களாத் தாழ்வாரத்தில் மாலை ஐந்தரை முதல் எட்டு வரை உட்கார்ந்திருந்தோம். பிக்காரிடின் பூசியவர்கள் யாரும் கையைத் தட்டிக்கொள்ளவில்லை. களிம்பு பூசியவர்கள் ஏழரை மணிக்கு மறுபடி பூசிக்கொள்ள வேண்டியிருந்தது. சமையலறையில் கை கழுவிவிட்டு வந்த தங்கைக்கு முழங்கைக்குக் கீழே மூன்று கடி. கழுவிய கையில் மறுபடி பூச வேண்டும் என்பது எங்கள் யார் நினைவுக்கும் வரவில்லை.

காடா உறையைக் கம்பெனியில் மிச்ச நேரத்தில் பதினோரு ஜோடி தைத்தேன். அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்து, "ஏங்கண்ணு, கால்ல சாக்குப் பையக் கட்டிட்டு நடக்கச் சொல்றியா?" என்றார். மறுநாள் காலைத் தூறலில் ஒரு சிற்றோடைப் பக்கம் நடந்தபோது அவரே குனிந்து நின்று காட்டினார். நூல் பருமனில் ஓர் அட்டை அவர் ஷூ முனையிலிருந்து அளந்து அளந்து வெள்ளைத் துணியில் ஏறிக்கொண்டிருந்தது. முழங்காலுக்குக் கீழே விரட்டி பூசியிருந்த நாடா விளிம்புக்கு வந்ததும் தலையைத் தூக்கி இடமும் வலமும் துழாவியது, சுருண்டது, திரும்பி இறங்கத் தொடங்கியது. வெள்ளைத் துணி என்பதால் எல்லாருக்கும் தெரிந்தது, சுண்டிவிட்டோம். மழை வலுத்து விளிம்பு நனைந்தபின் அந்தத் தயக்கம் அவற்றுக்கு இல்லை. ஆனாலும் துணியைத் துளைக்க முடியாமல் மேலே ஏறி வந்தவற்றை எடுத்துப் போடுவதுதான் வேலையாக இருந்தது. உறை வேண்டாம் என்று பெர்முடாவில் வந்த மச்சான் மட்டும் ஐந்து இடத்தில் இரத்தம் கொடுத்தார்.

என் தவறு ஒன்று. வெயில் காப்புக் களிம்பையும் விரட்டியையும் எந்த வரிசையில் பூசுவது என்று கேட்க மறந்துவிட்டேன். ஆழியாற்றில் விரட்டியை முதலில் பூசி, மேலே மற்றதைப் பூசிவிட்டோம்.

ஈரோட்டு மருந்தாளுநர் – ஆகஸ்ட் 18, காலை 9:30

வெயில் காப்பு முதலில்; அது தோலில் படிந்தபின் விரட்டி மேலே. டீட் வகையாக இருந்தால் வெயில் காப்பின் திறன் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறையும் என்பதால் அதை அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். இரண்டும் கலந்த ஒரே குழாயை வாங்காதீர்கள். ஒன்றை அடிக்கடியும் மற்றதை அரிதாகவும் பூச வேண்டியிருக்கிறதே.

மூன்று வாரம் முடியும் வரை யாருக்காவது காய்ச்சல் வந்தால் மலைநடையன் அண்ணா சொன்ன கறுத்த பொருக்கைத் தேடிப் பாருங்கள். அம்மாவுக்கு இடுப்புச் சேலைக் கொசுவத்துக்குக் கீழே பார்க்கச் சொல்லுங்கள்; பெண்கள் அங்கே பார்ப்பதில்லை.

மலைநடையன் – ஆகஸ்ட் 18, இரவு 8:00

தம்பி, அந்த உறையின் அளவைக் கொடுங்கள். ஐப்பசியில் பர்கூர் போக நான்கு ஜோடி எனக்கும் வேண்டும்.

பின்னலாடைக்காரன் – செப்டம்பர் 3, இரவு 9:50

இருபத்து மூன்று நாள் ஆயிற்று; யாருக்கும் காய்ச்சல் இல்லை.

அளவு இதுதான் அண்ணா. எட்டாம் எண் ஷூ போடுபவருக்கு, பாதத்துண்டு பதினொன்றரை அங்குலம், குதிகாலிலிருந்து மேலே பதினேழு அங்குலம், கெண்டைச் சுற்றுக்கு மேல் மூன்று அங்குலம் தளர்வு. துணியை முதலில் ஒரு தண்ணீர் விட்டுச் சுருக்கிவிட்டு வெட்ட வேண்டும். முதல் ஜோடியில் அதைச் செய்யவில்லை. அது மச்சான் காலுக்குச் சேராமல், அவர் உறை வேண்டாம் என்றதும் அதனால்தான். ஓரம் வெளியே வராதபடி மடித்து இரட்டைத் தையல். பாதத்தில் தையல் மேடு உள்ளே பட்டால் கொப்பளிக்கும், ஆகவே மடிப்பு வெளிப்பக்கமாக இருக்கட்டும். நாடாவுக்கு எலாஸ்டிக் வேண்டாம், பருத்தி நாடாவே போதும். டீட் பட்டால் எலாஸ்டிக் இளகிவிடும் என்று நீங்கள்தான் யோசிக்க வைத்தீர்கள். நான்கு ஜோடி தைத்து வைத்திருக்கிறேன். கோவைக்குச் சரக்கு ஏற்றும் வண்டியில் கொடுத்தனுப்புகிறேன்.